ஒரகடத்தில் ஒரு வாய்க் கசப்பு

குவைத்துக்கு முதன்முதலாகப் போனபோதுகூட நான் இப்படித் திருதிருவென்று விழித்ததில்லை. அங்கே விமான நிலைய வாசலில் என் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, எல்லா டிரைவர்களும் என்னையே கூப்பிட்டார்கள், ஒருவருக்கும் நான் போகவேண்டிய இடம் தெரியவில்லை.

"எந்தக் கம்பெனிம்மா?"

"ஒரகடம் கம்பெனி."

டிரைவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரகடமே கம்பெனிதாம்மா. பேர் இன்னா?"

பெயர் ஏதோ மூன்று இங்கிலீஷ் எழுத்து. ரயிலில் தூங்கி எழுந்ததில் மறந்துபோயிருந்தது. காருக்குக் கதவுப் பூட்டு செய்கிற இடம் என்றேன். "காருக்கு ஆயிரம் பார்ட்ஸு கீது. பூட்டு எங்க செய்றான், ஸ்க்ரூ எங்க செய்றான்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? ஏறு, பாத்துக்கலாம்" என்றார்.

ஏறுவதற்கு முன்னால் சாப்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மசாலா வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து கறியும் மீனும் தொடாமல் வந்த வாய் இது, அதுவும் கடற்கரைக்காரியின் வாய். புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமையில் வந்து கெட்டுப்போனேனோ என்று கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கடலப்பருப்பும்மா, வடைய ஒடச்சிப் போட்டது, சுத்த சைவம்" என்றார். நம்பிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. எங்கள் ஊரில் பருப்பு வடை மீந்தால் நாய்க்குப் போடுவோம்.

ஆட்டோவில் என்னோடு ஜார்க்கண்ட் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பாதி வழியில் டயரில் காற்றுப் போனது. எல்லாரும் இறங்கி, கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசியில் நின்றோம்; நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். அந்தப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். குவைத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் தேய்த்த வருடங்களில் நான் சம்பாதித்த சொத்துகளில் இந்தியும் ஒன்று.

"வெள்ளிக்கிழமை லீவாமே?" என்றான் ஒருவன்.

"யாருக்கு?" என்றான் மற்றவன்.

நான் வந்த காரியமே அந்த வெள்ளிக்கிழமைதான்.

என் மகள் ஜெனிட்டா இங்கே ட்ரெய்னியாக இருக்கிறாள். டிப்ளமோ முடித்ததும் வந்தவள், இரண்டு வருடம் முடியப்போகிறது. முடிந்ததும் கம்பெனி சிலரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். அதற்கு இவர்கள் கன்ஃபர்ம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் ஒரு டிபன் கேரியரும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடும். போன வருடம் முடித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் டிபன் கேரியர். ஜெனிக்கு அடுத்த மாதம் தெரியும். கன்ஃபர்ம் ஆகாவிட்டால் ஊருக்கு வந்து, என் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும். அந்த மாப்பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு இங்கே இடமில்லை. கன்ஃபர்ம் ஆனால் தப்பித்தாள்.

போன வருடப் பெரிய வெள்ளிக்கும் அவள் வரவில்லை. இந்த வருடம் லீவு கேட்டிருக்கிறாள், இல்லை என்றுவிட்டார்கள். மூன்று மணி ஆராதனைக்காவது விடுங்கள் என்றிருக்கிறாள், அதுவும் இல்லை. போனில் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். அழாததால்தான் பையைத் தூக்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவைத்தில் இருந்த வருடமெல்லாம் எனக்குப் பெரிய வெள்ளி தவறாமல் லீவு. அந்த நாட்டுக்காரர்கள் எங்கள் ஆண்டவருக்காக விட்டதல்ல. அங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆண்டவர் சாகிற நாளில் கோயிலில் இருப்போம், உயிர்க்கிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவோம். இங்கே ஞாயிறு லீவு, வெள்ளி வேலை. ஆக, ஆண்டவர் உயிர்ப்பதைப் பார்க்கலாம், சாவதைப் பார்க்க நேரமில்லை.

டயரை மாற்றி, தவறான கேட் ஒன்றில் என்னை இறக்கி, அங்கிருந்த காவலாளி விரட்டி, கடைசியில் ஜெனியின் வீட்டுக்கார அம்மா மங்காவுக்குப் போன் போட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். ஜெனியின் போன் வேலை நேரத்தில் லாக்கருக்குள் இருக்கும். மங்கா வாலாஜாபாத் சாலையில் ஒரு சந்தின் முனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஜெனி அம்மாவா? அப்பிடியே அவ மூஞ்சி. வாக்கா, வூட்டுக்குள்ள வந்து குந்து, இன்னா வெயில் அடிக்குது பாரு" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். மாடியில் ஓர் அறையில் ஜெனியும் பிரிசில்லாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள், நாலு பேரும் கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் நிற்பவர்கள்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போனேன். ஜெனிக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள். குவைத்துச் சமையலறையில் அரபி மேடத்திடமே லீவு வாங்கியவள் நான், தமிழ் பேசுகிற ஆளிடம் வாங்க முடியாதா என்ற திமிர்.

கேட்டில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடி அறைக்கு எச்.ஆர். சார் வந்தார். முப்பது வயதுக்காரர். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். "சொல்லுங்க ஆன்ட்டி" என்றார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய போட்டோவுக்குப் பின்னால் குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. மூன்று நாளுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கியது, இன்னும் பச்சை போகவில்லை. எனக்கு அங்கேயே பாதி காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

"பெரிய வெள்ளிக்குக் கவர்மென்டு லீவு உண்டும்லா சார்?"

"உண்டு ஆன்ட்டி. நாங்க கேன்சல் பண்ணல, மாத்தி வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை பெரிய டிஸ்பேட்ச் இருக்கு. அந்த லீவைப் பின்னால ஒரு சனிக்கிழமை குடுத்துருவோம்."

"அந்தச் சனிக்கிழமைக்கு ஆண்டவர் இன்னொரு மட்டம் சாகமாட்டாரே சார்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "எங்க பெரிய சார் வடநாட்டுக்காரர் ஆன்ட்டி. ‘கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு விட்டாச்சே, இது என்ன மறுபடியும்?’னு கேக்காரு. கிறிஸ்துமஸ்னா டிசம்பர் இருபத்தஞ்சுன்னு மனசுல நிக்கும். இது ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு தேதிக்கு வருது. நான் எப்படிப் புரியவைக்க?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள் நான். இது நிலாவைப் பார்த்து வருகிற பண்டிகை சார் என்றேன். ஆண்டவருக்கும் முந்தியது. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளின் பண்டிகை. அது எப்படித் தொடங்கியது தெரியுமா? லீவு கேட்டுத்தான் தொடங்கியது. மோசே பார்வோனிடம் போய், பாலைவனத்தில் மூன்று நாள் தூரம் போய் எங்கள் கடவுளுக்கு விழா எடுக்கவேண்டும், விடுங்கள் என்று கேட்டார். அதற்குப் பார்வோன்...

"சோம்பேறிங்க, அதான் விழாவுக்குப் போணும்னு கத்துதாங்கன்னு சொன்னான்" என்று அவரே முடித்தார். "இனி வைக்கோல் குடுக்காதீங்க, அவங்களே பெறக்கிக்கிடட்டும், ஆனா செங்கல் கணக்கு கொறையக்கூடாதுன்னான். நானும் சண்டே கிளாஸ் எடுத்தவன்தான் ஆன்ட்டி."

"பெறவு?"

"பெறவென்ன? பார்வோனுக்கு மேல ஆள் இல்ல. எங்க பெரிய சாருக்கு மேல கஸ்டமர் இருக்கான். அவனுக்கு மேல இன்னொரு கஸ்டமர் இருக்கான். எங்களால லைன நிறுத்த முடியாது ஆன்ட்டி."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜெனி பேரை நான்தான் மேல அனுப்பியிருக்கேன். நல்ல பிள்ளை. இந்த ஒரு வாரம் அவ லைன்ல இருக்கணும், பெரிய சார் கண்ணுல படணும். வெள்ளிக்கிழமை போய்ட்டான்னா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. உங்க மகளுக்காகத்தான் சொல்லுதேன்."

மிரட்டல் என்று அதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அரபி மேடம் ‘லா’ என்று ஒரே வார்த்தையில் மறுப்பாள். அதை எதிர்த்துச் சண்டை போட வசதியாக இருக்கும்.

அந்தப் பழைய கதையின் மிச்சத்தையும் இங்கே சொன்னால்தான் வெள்ளிக்கிழமை நான் அந்தப் பாட்டிலில் கொண்டுபோனதன் அர்த்தம் புரியும். பார்வோன் கடைசியில் விட்டான், அவன் ஆட்களின் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த பிறகு. விட்ட இரவில் அந்த அடிமைகளுக்கு மாவு புளிக்க நேரமில்லை. புளிக்காத அப்பத்தைச் சுட்டு, ஆட்டை நெருப்பில் வாட்டி, கசப்புக் கீரையோடு நின்றபடியே தின்றுவிட்டு ஓடினார்கள். அடிமையாக இருந்த கசப்பு நாக்குக்கு மறந்துபோகக் கூடாது என்றுதான் வருடாவருடம் அந்தக் கீரை. அதுதான் பாஸ்கா. ஆண்டவர் பெரிய வியாழக்கிழமை சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் அந்த விருந்தைத்தான். மறுநாள் அவரையே ஆடாக அறுத்துவிட்டார்கள்.

அந்த விருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் பூசைக்குள் வந்துவிட்டன. கீரை மட்டும் எப்படியோ வழியில் தவறிவிட்டது. எங்கள் கடற்கரையில் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயில் நடையில் பெண்கள் நின்று ஆளுக்கு ஒரு வாய் கசப்பு ஊற்றுவார்கள். வேப்பங்கொழுந்தும் நிலவேம்பும் அரைத்துக் கொதிக்கவைத்து, கொஞ்சம் புளித்த காடி விட்டது. சிலுவையில் ஆண்டவருக்குத் தாகம் எடுத்தபோது காடியைக் கொடுத்தார்களே, அதன் நினைவு என்று ஃபாதர் சொல்வார். எனக்கென்னவோ தவறிப்போன அந்தக் கீரையைத்தான் நாங்கள் பொறுக்கி வைத்திருக்கிறோம் என்று தோன்றும். எதுவாக இருந்தாலும், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கிடந்து, அந்த ஒரு வாயைக் குடித்து முகத்தைச் சுளித்த பிறகுதான் கஞ்சியும் பயறும். ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்துவிட்டுக் கோயில் முற்றத்தைச் சுற்றி ஓடுவாள். ஆராதனைக்குப் போக முடியாவிட்டால் என்ன, அந்த ஒரு வாயையாவது அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நிலவேம்பும் ஒரு சீசாவில் காடியும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் வருவதற்குள் பாதம் கழுவும் பூசைக்கு நான் மட்டும் போனேன். தகரப் பந்தல் போட்ட சின்னக் கோயில். ஜார்க்கண்டுக்காரர்கள், ஒடிசாக்காரர்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்று நிறைந்திருந்தது. வேலைக்கு வந்த ஊரில் சாமி மட்டும்தான் எல்லாருக்கும் பொது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக ஃபாதர் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவினார். எல்லா ஊரிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது: அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பளபளவென்று வந்திருந்தார்கள். அழுக்குக் காலை நீட்ட யாருக்கும் துணிச்சல் வராது.

திரும்பி வந்தபோது ஜெனி படிக்கட்டில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்ற கால். சாக்ஸின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்து, பாதம் வீங்கி, குதிகால் வெடித்திருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டு வாளியைக் கொண்டுவந்து வைத்து, காலைப் பிடித்து இழுத்தேன்.

"எம்மா, விடு. நீ என்ன ஃபாதரா?"

"ஃபாதர் சோப்புப் போட்ட காலத்தான் களுவுனாரு. சும்மா இரி."

காலை வாளிக்குள் விட்டாள். பிறகு, "நீ கம்பெனிக்கு வந்தியாம்லா" என்றாள். காவலாளி சொல்லிவிட்டான் போல. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "நா போமாட்டம்மா நாளைக்கி கோயிலுக்கு. எனக்கு கன்ஃபர்ம் ஆவணும். ஆண்டவருக்குத் தெரியும்லா?"

"தெரியும் மக்ளே."

"சாப்பிடாம இருந்துக்கிடுதேன். அதுக்கு யார்ட்டயும் லீவு கேக்காண்டாம்."

அவள் ஆண்டவரோடு தானாக ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். நான் மங்காவிடம் வேப்பிலை கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா? யாருக்குனா அம்மையா?" என்று பயந்துவிட்டாள்.

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "எங்க அம்மனுக்கும் வேப்பல, உங்க சாமிக்கும் வேப்பலயா? நாங்களும் வருசப் பொறப்புக்கு வேப்பம்பூ பச்சடி வெப்போம். ஆனா அதுல வெல்லம் போட்டுடுவோம். நீங்க வெல்லங்கூட போடமாட்டீங்களா?"

"போடமாட்டோம்."

"இன்னா மனுசங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே கொக்கியை எடுத்துப் பின்பக்கத்து மரத்திலிருந்து கொழுந்தாகப் பறித்துப் போட்டாள். "எங்க வூட்டு மரம் மாதிரி கசப்பு இந்த ஏரியாவுலயே கெடையாதுக்கா. ஆடு கூட மோந்து பாத்துட்டுப் பூடும்."

அவள் அடுப்பிலேயே காய்ச்சினேன். வீடு முழுக்க நெடி. மங்கா சும்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். எச்.ஆர். சார் கொடுத்த அந்தத் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது; அதில் ஊற்றி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன்.

மூன்று மணி. மணி அடிக்கவில்லை; பெரிய வியாழனோடு கோயில் மணியைக் கட்டிப்போட்டுவிடுவோம், மரக்கட்டையைத் தட்டுவதுதான் வழக்கம். ஃபாதர் பீடத்துக்கு முன் முகங்குப்புற விழுந்தார். நாங்கள் முழந்தாளிட்டோம். அந்த நேரத்தில் என் மகள் எந்தப் பூட்டை எந்தக் கதவுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன், செபம் ஒன்றும் வரவில்லை. சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோதுதான் எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி ஒரு நீலச் சட்டையைப் பார்த்தேன். எச்.ஆர். சார். முழந்தாளிட்டு, ஆண்டவரின் பாதத்தில் வைத்த நெற்றியை வெகுநேரம் எடுக்கவில்லை. எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

வெளியே அவரே என்னைத் தேடி வந்தார்.

"நீங்க எப்படி சார் வந்திய?" என்றேன்.

"ஆபீஸ் ஆளுங்களுக்குப் பெர்மிஷன் போட்டுக்கலாம் ஆன்ட்டி. லைனுக்குத்தான்..." என்று இழுத்தார். உடனே, "ஜெனி இன்னைக்கு ரொம்ப நல்லா நடந்துக்கிட்டா. பெரிய சாருக்கு அவ்வளவு சந்தோசம். அவரே பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. இனி நீங்க பயப்படாண்டாம், கன்ஃபர்ம்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உங்க குடும்பத்தை ஆண்டவர் காப்பாத்துவார் என்றேன். நல்லா நடந்துகொண்டாள் என்றால் என்ன செய்தாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நன்றாக வேலை செய்திருப்பாள், வேறென்ன? சந்தோஷத்தில் பாட்டிலைத் திறந்து மூடியில் ஒரு வாய் ஊற்றி அவருக்கு நீட்டினேன்.

"கசப்பா! எங்க ஊர்லயும் உண்டு ஆன்ட்டி, பாத்து எத்தனை வருசமாச்சு" என்று ஆசையாக வாங்கினார். குடித்ததும் உடம்பை உதறிக்கொண்டார். "எம்மாடி! என்ன கசப்பு! தாங்க முடியல ஆன்ட்டி" என்று இருமியபடியே பைக்கை நோக்கிப் போனார். தண்ணீர் தேடியிருப்பார். நான் சிரித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் வந்தது. நான் கஞ்சியும் பயறும் வைத்துத் தயாராக இருந்தேன். பிள்ளைகள் மாடிப்படி ஏறிய விதமே சரியில்லை. மூன்று பேர் ஜெனியை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஜெனி நேராகக் குளிக்கப் போய்விட்டாள்.

"என்ன பிள்ள?" என்று பிரிசில்லாவைக் கேட்டேன். அவள் போனை நீட்டினாள். கம்பெனி வாட்ஸாப் குரூப்பில் வந்த படங்கள்.

கேண்டீன். பலூன். சுவரில் பெரிய பேனர். ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ என்று இங்கிலீஷில், சுற்றிலும் பூ. மேசையில் வெள்ளைக் கிரீம் கேக், நடுவில் சிவப்புக் கிரீமில் சிலுவை. பின்னால் பெரிய பாத்திரங்களில் சிக்கன் பிரியாணி.

"லீவ விட்டுக் குடுத்ததுக்குப் பெரிய சாரு வச்ச விருந்தாம் ஆன்ட்டி. ‘உங்க பண்டிகைய நாங்களும் கொண்டாடுதோம்’னு மைக்கில பேசுனாரு. பெறவு கிறிஸ்டியன் பிள்ளைகள்ல யாராவது வந்து கேக் வெட்டணும்னாரு. ஜெனிதான் ஒரு நாளும் லீவு போடாதவ, அவளக் கூப்பிட்டாங்க."

அடுத்த படத்தில் ஜெனி கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிலுவையின் நடுவில் கத்தி இறங்கியிருக்கிறது. அடுத்த படத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெரிய மனிதர், பிறந்தநாள் வீட்டில் ஊட்டுவதைப்போல, அவள் வாயில் கேக்கை ஊட்டுகிறார். பாவம், அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. இது சாவு வீடு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவருக்குப் பக்கத்தில், நீலச் சட்டையில், கை தட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் படத்தில் ஜெனியின் முன்னால் பிரியாணித் தட்டு. அவள் சிரிக்கிறாள். எச்.ஆர். சாரின் கழுத்தில் அட்டை தெரிந்தது. குருத்தோலை தெரியவில்லை, அட்டை திரும்பியிருந்தது.

இந்தக் கையைத்தான் சாயங்காலம் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்லி ஆண்டவரிடம் சிபாரிசு வேறு செய்தேன். அவ்வளவு ஆத்திரமும் என் மேலேயே திரும்பியது. பிலாத்துகூடக் கையைக் கழுவினான், தட்டவில்லை.

ஜெனி ஈரத் தலையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். போன் என் மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்லா மக்ளே, இன்னைக்கு ஒருசந்தி, சாப்பிடமாட்டேன்னு?"

"யார்ட்ட சொல்ல? எச்.ஆர். சார ஏறிட்டுப் பாத்தேன். அவருக்குத் தெரியும்லா, அவராவது சொல்லுவாருன்னு. அவரு கண்ணக் காட்டுனாரு. சாப்பிடுன்னு." துண்டால் தலையைத் துவட்டினாள். "சாப்பிட்டேன்."

"கறியுமா?"

"முழுசும். தட்டக் காலி பண்ணுற வரைக்கும் பெரிய சாரு பக்கத்துலயே நின்னாரு. பசி வேற. நல்லா இருந்துச்சும்மா." அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோதுதான் அவள் உதடு கோணியது. உடனே சரியாக்கிக்கொண்டாள். "மூணு மணிக்கு நெனச்சேன். ஒரு நிமிசம் கண்ண மூடலாம்னு. அதுக்குள்ள அடுத்த பூட்டு வந்துட்டு."

கீழே மங்கா டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் பிரியாணியைத் தொடாமல் ஏதோ சொல்லித் தப்பித்திருந்தார்கள். இப்போது ஜெனிக்கு முன்னால் கஞ்சியைத் தொடவும் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

"கசப்பு வச்சிருக்கியா?" என்றாள் ஜெனி.

மூடியில் ஊற்றப் போனேன். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வாய்தான் வழக்கம். அவள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். நிறுத்து என்று கையை நீட்டினேன், நிறுத்தவில்லை. பிரிசில்லாவுக்கும் மற்றவர்களுக்கும் வைத்திருந்த பங்கு முழுவதும் போனது. குடித்து முடித்து வாயைத் துடைத்தாள். முகம் சுளிக்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. பிறகு காலிப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இந்த வருசம் கசக்கவே இல்ல?"

என் கையில் மூடி இருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சொட்டை நக்கினேன். நாக்கு சுருண்டுவிட்டது, காதுவரைக்கும் கசந்தது.

"ஆமா மக்ளே" என்றேன். "இந்த ஊரு வேப்பெலைக்குக் கசப்பு போதாது."